செட் அட்கின்ஸின் ‘ஹை-ஃபை இன் ஃபோகஸ்’ (1957): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் பழகுகிற யார் கிடைத்தாலும் இந்த இசைத்தட்டைக் கேட்கச் சொல்வது என் வழக்கம். கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன ஆல்பம்?

1957-ல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் வெளியிட்டது. வாசித்தவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த செட் அட்கின்ஸ். பாடகர் இல்லை, கிட்டார்தான் பாடுகிறது.

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பாக்கின் பூரே, மியூசெட் என்று இரண்டு நடனத் துண்டுகள். ஃபாட்ஸ் வாலரின் ‘எய்ன்ட் மிஸ்பிஹேவின்’. போர்ட்டோ ரிக்கோக்காரரான ரஃபேல் எர்னாண்டஸின் ‘எல் கும்பஞ்சேரோ’. ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்கு மாக்ஸ் ஸ்டெய்னர் அமைத்த டாரா தீம். ஜெரோம் கெர்னின் ‘யெஸ்டர்டேஸ்’. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜானி ஸ்மித்தின் ‘வாக் டோன்ட் ரன்’. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியும் கரீபியன் தீவும் ஹாலிவுட்டும் நியூயார்க் ஜாஸ் கிளப்பும் ஒரே தட்டில்.

பெயரில் ‘ஹை-ஃபை’ எதற்கு?

‘ஹை-ஃபை’ என்றால் மூல ஒலிக்கு மிக நெருக்கமான ஒலித்தரம். அந்தக் காலத்து மோகம் அது. நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுகள் 1948-ல் வந்தன. அடுத்த பத்தாண்டில் நல்ல ஒலிபெருக்கி வாங்கி வீட்டில் வைத்துக் கேட்பது ஒரு பொழுதுபோக்காகவே ஆனது. ஒலித்தரத்தைச் சொல்லித் தட்டுகளை விற்றார்கள். இடமும் வலமும் தனித்தனி ஒலி வரும் ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958-ல்தான் என்பதால் இந்த ஆல்பம் ஒரே தடத்தில் ஒலி வரும் மோனோ காலத்தைச் சேர்ந்தது.

இந்தப் பட்டியலில் கன்ட்ரி எங்கே இருக்கிறது? அவரை ஏன் கன்ட்ரி கலைஞர் என்கிறார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கன்ட்ரி என்பது அமெரிக்கத் தெற்கின் கிராமப்புறத்தில் வளர்ந்த இசை. என் பதிலின் சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கன்ட்ரி இருப்பது மெட்டுகளில் இல்லை, அவருடைய வலது கைக் கட்டைவிரலில். மற்ற எல்லா பதில்களும் இதன் விரிவுதான்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது புரியும். செஸ்டர் பர்ட்டன் அட்கின்ஸ் 1924 ஜூன் 20-ல் டென்னசியின் லட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். முதலில் யுகுலேலி, பிறகு ஃபிடில். ஒன்பது வயது வாக்கில் ஒரு பழைய கைத்துப்பாக்கியைக் கொடுத்து, வீட்டு வேலையும் செய்து தருவதாகச் சொல்லி, அதற்கு மாற்றாக ஒரு கிட்டாரை வாங்கிக்கொண்டார்.

கடுமையான ஆஸ்துமா. அதனாலேயே ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த தந்தையிடம் அனுப்பப்பட்டார். இரவில் படுத்தால் மூச்சு முட்டும். நேராக நிமிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண் அசரும் வரை கிட்டாரை மீட்டிக்கொண்டே இருப்பாராம். பள்ளிக்கூடத்தில் அவர் வாசித்துப் பழகிய இடம் கழிப்பறை. அங்கே எதிரொலி நன்றாக இருந்தது. எதிரொலி மீது அவருக்கு இருந்த ஆசையைப் பற்றி அப்புறம் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

வளர்ந்த பிறகு அவர் வேலை பார்த்ததெல்லாம் கன்ட்ரி வானொலிகளில். நாக்ஸ்வில்லின் டபிள்யூஎன்ஓஎக்ஸ், சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ, பிறகு நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சி. கன்ட்ரி கலைஞர் மேபெல் கார்ட்டரும் அவருடைய பெண்களும் நடத்திய குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். பிறப்பும் பிழைப்பும் கன்ட்ரிதான். காது மட்டும் எல்லாப் பக்கமும் திறந்திருந்தது. பெல்ஜியத்தில் பிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைத் தன் ஆதர்சங்களில் ஒருவராகச் சொல்வார். தந்தை ஒன்று, தாய் வேறான அவருடைய அண்ணன் ஜிம் அட்கின்ஸ், கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் குழுவில் வாசித்தவர் என்பதால் ஜாஸ் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஃபிங்கர்ஸ்டைல் என்றால் என்ன? பிக் வைத்து வாசிப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தட்டையான பிக் ஒன்றை விரல்களுக்கிடையே பிடித்து வாசித்தால், ஒரு நேரத்தில் ஒரு தந்தியைத் தட்டலாம், அல்லது வரிசையாகத் தேய்த்துக்கொண்டு போகலாம். மேலே ஒரு தந்தி, கீழே ஒரு தந்தி, நடுவில் உள்ளதை விட்டுவிட்டு ஒரே நொடியில் இரண்டும் என்றால் பிக்கால் முடியாது. விரல்களால் மீட்டும்போது ஒவ்வொரு விரலும் தனித்தனி ஆள் மாதிரி. கட்டைவிரல் தடித்த தந்திகளில் பேஸ், அதாவது கீழ்ச் சுரங்களை வாசிக்கும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும்.

வீணையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ராகத்தை மீட்ட, சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? ஒரு கைக்குள் இரண்டு வேலை. அட்கின்ஸ் பாணியில் அந்தத் தாள வேலை கட்டைவிரலுக்கு வருகிறது, அதுவும் ஒரு நொடி ஓய்வில்லாமல்.

இந்தக் கட்டைவிரல் பாணி எங்கிருந்து வந்தது?

கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதி. நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. அங்கே ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் (1886–1931) என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். அவர் வாசிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் புளூகிராஸ் என்ற கன்ட்ரி இசை வகையின் தந்தை எனப்படும் பில் மன்றோ, சிறுவயதில் ஷுல்ட்ஸோடு நடன நிகழ்ச்சிகளில் வாசித்ததையும் அவரிடம் கற்றதையும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷுல்ட்ஸிடமிருந்து கென்னடி ஜோன்ஸ், அவரிடமிருந்து மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்று பாணி கைமாறியது. ஐக் எவர்லி, பின்னாளில் புகழ்பெற்ற எவர்லி பிரதர்ஸின் தந்தை. ரேகரும் எவர்லியும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். இவர்களைப் பார்த்துக் கற்றவர்தான் அந்த மூலென்பர்க் வட்டாரத்தில் 1917-ல் பிறந்த மெர்ல் ட்ராவிஸ். அவர்தான் இதை வானொலிக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் இதற்கு ‘ட்ராவிஸ் பிக்கிங்’ என்றுதான் பெயர்.

ஷுல்ட்ஸின் பெயரை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. கன்ட்ரி வெள்ளையர் இசை, ஜாஸும் புளூஸும் கறுப்பினத்தார் இசை என்று கடைகள் தட்டுகளைத் தனித்தனி அலமாரியில் அடுக்கின. கைகள் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. கட்டைவிரல் பேஸ் தந்திகளில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டுகிறதே, அதே வேலையைத்தான் ஜாஸுக்கு முந்தைய ராக்டைம் பாணியில் பியானோ வாசிப்பவரின் இடது கை செய்துகொண்டிருந்தது. ஆக, கன்ட்ரி கிட்டார் என்று நாம் சொல்வதன் அடித்தளத்திலேயே கலப்பு இருக்கிறது. 1957-ல் அட்கின்ஸ் புதிதாக எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை.

ட்ராவிஸ் வாசித்ததைத்தான் அட்கின்ஸும் வாசித்தாரா?

இல்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது.

1930-களின் பிற்பகுதியில் ட்ராவிஸ் சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ வானொலியில் வாசித்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக அமெரிக்க வானொலி நிலையங்களுக்கு 50 கிலோவாட்தான் உச்சவரம்பு. டபிள்யூஎல்டபிள்யூவுக்கு மட்டும் 1934 முதல் 1939 வரை சோதனை முறையில் 500 கிலோவாட் அனுமதித்திருந்தார்கள். பல மாநிலங்கள் தாண்டி, ஜார்ஜியாவின் கிராமப்புறத்தில் இருந்த பதின்வயதுப் பையன் அட்கின்ஸ் காதுக்கும் அந்த ஒலி போய்ச் சேர்ந்தது.

கேட்கத்தான் முடிந்தது, பார்க்க முடியவில்லை. ட்ராவிஸ் பயன்படுத்தியது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். இவ்வளவு ஒலி இரண்டே விரல்களில் வரும் என்று அட்கின்ஸுக்குத் தோன்றவே இல்லை. கட்டைவிரலோடு இரண்டு மூன்று விரல்கள் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அப்படியே பழகிவிட்டார். உண்மை தெரியவந்தபோது அவர் கை வேறொரு கையாகிவிட்டிருந்தது.

அந்தத் தவறான ஊகம்தான் இந்த ஆல்பத்தைச் சாத்தியமாக்கியது என்பது என் கருத்து. ட்ராவிஸின் ஆள்காட்டி விரல் அபாரமான துள்ளல் கொண்டது, ஆனால் பாக்கின் மேல் குரலைச் சீராக ஓடவிடவும், கார்ட் எனப்படும் ஜாஸ் சுரக் கூட்டின் மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் எடுக்கவும் கூடுதல் விரல்கள் வேண்டும். அவை ஏற்கனவே பழகித் தயாராக இருந்தன.

இத்தனை வகை இசை ஒரே தட்டில் எப்படி ஒட்டுகிறது? கதம்பமாகத் தெரியவில்லையா?

முதல் முறை கேட்டபோது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பிறகு ஒரு நாள் மெட்டை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு இது ஒரே மூச்சில் சொன்ன ஒரே கதை.

‘எய்ன்ட் மிஸ்பிஹேவின்’ எடுத்துக்கொள்வோம். ஃபாட்ஸ் வாலர் 1929-ல் அமைத்தது. வாலர் ஸ்ட்ரைட் பாணிப் பியானோக்காரர். அவருடைய இடது கை கீழே ஒரு பேஸ் சுரம், மேலே ஒரு கார்ட், மறுபடி கீழே, மறுபடி மேலே என்று தாவிக்கொண்டே இருக்கும். அட்கின்ஸின் கட்டைவிரல் செய்வதும் ஏறக்குறைய அதுதான். வாலரின் பாட்டைக் கட்டைவிரல் பாணியில் வாசிப்பது, ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் ஒரு விசேஷத்தில் சந்திப்பது மாதிரி.

பாக் எதிர்ப்பக்கம். பூரேயில் மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், இரண்டும் தனித்தனிப் பாதையில் நடந்து சரியான இடங்களில் கைகுலுக்கும். இங்கே கட்டைவிரல் மாறி மாறித் தட்டுகிற வேலையை விட்டுவிட்டுத் தானே ஒரு பாடகனாக வேண்டும். பல ஆண்டுகள் ஒரே சீராக நடந்து பழகிய கட்டைவிரல் என்பதால் அந்த பேஸ் குரல் தள்ளாடுவதில்லை. கச்சேரி மேடைக் கிளாசிக்கல் கிட்டார் கலைஞர்களின் மெருகை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். காலால் தாளம் போடத் தோன்றும் ஒரு நடை இருக்கிறது. பூரே நடனத்துக்காகப் பிறந்த வடிவம் என்பதால் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

‘எல் கும்பஞ்சேரோ’வில் துடிப்பு லத்தீன் அமெரிக்காவுடையது. டாரா தீமில் அவசரமே கிடையாது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த மெட்டு ஆறு தந்திக்குள் வந்து அடங்குகிறது. மூலத்தின் பிரம்மாண்டத்துக்குப் பழகிய காதுக்கு இது மெலிவாகத் தெரியலாம். எனக்கும் இந்தத் தட்டில் குறைவாகப் பிடித்தது அதுதான்.

இரண்டு மெட்டுகளை ஒரே நேரத்தில் வாசிப்பதும் அவருக்கு ஒரு விருப்ப விளையாட்டு. வேறொரு பதிவில், அமெரிக்க வடக்கின் பாட்டான ‘யாங்கி டூடுல்’, தெற்கின் பாட்டான ‘டிக்ஸி’ இரண்டையும் ஒரே கிட்டாரில் ஒருசேர வாசிப்பார். இரண்டு ஓட்டங்களையும் தனியாகக் கேட்கலாம், சேர்த்தும் கேட்கலாம். இந்த ஆல்பத்தில் வகைகள் இணைந்திருப்பதும் அப்படித்தான். ஒன்று கரைந்து இன்னொன்றாகிவிடவில்லை. இரண்டும் அருகருகே தெளிவாகக் கேட்கின்றன.

‘வாக் டோன்ட் ரன்’ வெஞ்சர்ஸ் குழுவின் பாட்டு இல்லையா?

இல்லை. ஜானி ஸ்மித் அமைத்து 1954-ல் பதிவு செய்த ஜாஸ் துண்டு அது. அட்கின்ஸ் அதைத் தன் விரல் பாணிக்கு மாற்றி இந்த ஆல்பத்தில் வாசித்தார். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டு கிட்டார் பழகிய பாப் போகிள், டான் வில்சன் என்ற இரண்டு இளைஞர்கள் இந்தத் தட்டிலிருந்துதான் அதைப் பிடித்தார்கள்.

இவர்கள் தொடங்கிய குழுதான் வெஞ்சர்ஸ். அட்கின்ஸ் மாதிரி வாசிக்க அவர்களால் முடியவில்லை. அதனால் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் மெட்டு, ஒருவர் கார்ட் தாளம், கூடவே பேஸும் டிரம்ஸும். 1960-ல் வெளியான அந்தப் பதிவு அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. சர்ஃப் இசை என்று பிறகு ஓர் அலையே கிளம்பியபோது அதன் முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொன்னார்கள்.

இந்தக் கதையை நான் கிட்டார் பழகுகிறவர்களிடம் தவறாமல் சொல்வேன். ஒரு கைக்குள் இருந்ததைப் பிரித்தால் ஒரு முழுக் குழுவுக்கு வேலை கிடைத்தது. அட்கின்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியாது. வெஞ்சர்ஸ் பதிவு மட்டமானதும் இல்லை. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கும் அந்த வரிசையில் வேகமும் இளமையும் இருக்கின்றன. மூன்று பதிவுகளையும், அதாவது ஸ்மித், அட்கின்ஸ், வெஞ்சர்ஸ் என்ற வரிசையில், ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள்.

அவரை வேலையிலிருந்து பல முறை நீக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1940-களில் வானொலி வேலை நிலையில்லாதது, அதோடு அவர் வாசிப்பு நிர்வாகிகளைக் குழப்பியது. மிசோரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கேடபிள்யூடிஓ நிலையத்தில் இருந்தபோது, இவர் வாசிப்பில் நாட்டுப்புறத்தன்மை போதாது என்று அனுப்பிவிட்டார்கள். ‘செட்’ என்ற சுருக்கப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அதே நிலையத்தில்தான். ஜாஸ்காரர்களுக்கு அவர் கன்ட்ரி, கன்ட்ரிக்காரர்களுக்கு அவர் ஜாஸ். கூச்ச சுபாவம் வேறு. வாதாடி நிற்கிற ஆள் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

ஆர்சிஏவின் ஸ்டீவ் ஷோல்ஸ் 1947-ல் அவரை ஒப்பந்தம் செய்தார். 1955-ல் ‘மிஸ்டர் சேண்ட்மேன்’ நன்றாக ஓடியது. 1956 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ நாஷ்வில்லில் பதிவானபோது அங்கே ரிதம் கிட்டார் வாசித்தவர்களில் அட்கின்ஸும் ஒருவர். இந்த ஆல்பம் வந்த 1957-லேயே ஆர்சிஏவின் நாஷ்வில் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. எந்த வாசிப்புக்காக வீட்டுக்கு அனுப்பினார்களோ அதே வாசிப்பைத் தன் பெயரில், தன் விருப்பப்படி பதிவு செய்யும் நிலைக்கு அப்போது வந்திருந்தார். இந்தத் தட்டில் கேட்கும் நிதானம் அதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கிட்டார் ஒலி எப்படி வந்தது?

மூன்று பொருள்களைச் சொல்லலாம்.

கிரெட்ஷ் கிட்டார். அந்த நிறுவனம் 1950-களின் நடுவில் அட்கின்ஸ் பெயரிலேயே 6120 என்ற மாடலை வெளியிட்டது. பிறகு கன்ட்ரி ஜென்டில்மேன் என்று இன்னொன்று. உடல் உள்ளே கூடாக இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார்கள் இவை.

பிக்ஸ்பி கைப்பிடி. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் இருக்கும் இந்த உலோகக் கையை லேசாக அழுத்தினால் சுரம் அசையும். நாம் கமகம் என்று நினைப்பதன் ஓரத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது எக்கோசோனிக் ஆம்ப். இல்லினாய் மாநிலத்தின் ரே பட்ஸ் என்பவர் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே, டேப்பில் ஒலியைப் பதித்து எதிரொலி தரும் டேப் எக்கோவைப் பொருத்திக் கொடுத்தார். பள்ளிக் கழிப்பறையின் எதிரொலியைத் தேடிப்போன பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்விஸின் கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூரும் அட்கின்ஸ் வாசித்ததைக் கேட்டுவிட்டு அதே ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒலியின் பெரும்பங்கு கைக்கு உரியது. வலது உள்ளங்கையின் அடிப்பகுதி பேஸ் தந்திகள் மீது பிரிட்ஜ் ஓரமாக மெல்லப் படிந்திருக்கும். அதனால் பேஸ் ‘தும் தும்’ என்று அமுங்கி ஒலிக்க, மேல் தந்திகள் மட்டும் தெளிவாக மணி மாதிரி கேட்கும். ஒரே கருவி இரண்டு கருவியாகத் தெரிவதற்கு இதுதான் ரகசியம்.

இவர்தான் கன்ட்ரியைப் பாப் ஆக்கிக் கெடுத்தவர் என்றும் சொல்கிறார்களே?

‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர் பெற்ற தயாரிப்பு முறையை மனதில் வைத்துச் சொல்வது அது. ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னால் தள்ளி, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் முன்னால் கொண்டுவந்தார்கள். டெக்காவின் ஓவன் பிராட்லியும் ஆர்சிஏவில் அட்கின்ஸும் இதன் முக்கியத் தயாரிப்பாளர்கள். ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரம். டான் கிப்சனின் ‘ஓ லோன்சம் மீ’, ஜிம் ரீவ்ஸின் ‘ஹீல் ஹேவ் டு கோ’ எல்லாம் அந்த முறையில் வந்தவை. சில தட்டுகளில் இனிப்பு தூக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் கறுப்பினப் பாடகர் சார்லி ப்ரைடை 1960-களின் நடுவில் ஆர்சிஏவின் கன்ட்ரிப் பிரிவுக்குள் கொண்டுவந்ததும் இதே அட்கின்ஸ்தான் என்பதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

எப்படியிருந்தாலும் தயாரிப்பாளர் அட்கின்ஸ் வேறு, கிட்டார் கலைஞர் அட்கின்ஸ் வேறு. இந்த ஆல்பத்தில் இருப்பவர் இரண்டாமவர்.

இந்தப் பாணியைப் பழக எங்கே தொடங்குவது?

இந்த ஆல்பத்தின் பாட்டுகளில் தொடங்காதீர்கள். கட்டைவிரலில் தொடங்குங்கள்.

சி கார்ட் பிடியுங்கள். கட்டைவிரலால் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஆறாம் தந்தி, நான்காம் தந்தி. ஆறாம் தந்திக்கு வரும்போது இடது கை மோதிர விரலை ஐந்தாம் தந்தியிலிருந்து ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்த வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டல்களில் வைத்து, உள்ளங்கை அமுக்கத்தோடு, வேறெதையும் சேர்க்காமல் ஒரு வாரம். யாரிடமாவது பேசிக்கொண்டே வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச்சில் தடுமாறாமலும் பேஸ் நிற்காமலும் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்தது, பேஸின் முதல் தட்டலில் கட்டைவிரலோடு நடுவிரலும் சேர்ந்து ஒரு மேல் தந்தியைக் கிள்ளுவது. அது கைவந்த பிறகு, இரண்டு பேஸ் தட்டுகளுக்கு நடுவில் ஒரு மெட்டுச் சுரத்தை விழ வைப்பது. இந்த மூன்றாவது படியில்தான் எல்லோரும் தடுக்கி விழுவோம். மெட்டு வரும்போது கட்டைவிரல் அதன் பின்னால் ஓடிவிடும். எனக்கு இந்தப் படி முழுதாக வசப்பட நான்கு மாதம் ஆனது. வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி நான் கண்டதில்லை. தெரிந்த ஏதாவது ஓர் எளிய தாலாட்டு மெட்டை எடுத்து, 50-ல், ஒவ்வொரு சுரமும் எந்த பேஸ் தட்டோடு அல்லது எந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழுகிறது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தம்ப்பிக் கட்டாயமா?

அட்கின்ஸ் பயன்படுத்தினார். கட்டைவிரலில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம் அது. உள்ளங்கையால் அமுக்கிய பேஸுக்கும் தெளிவு கொடுக்கும். வெறும் விரலில் அந்த அழுத்தம் வராது. முதல் சில நாள் தந்தியில் மாட்டிக்கொள்ளும், எரிச்சலாக இருக்கும். விரலுக்கு இறுக்கமாகப் பொருந்துகிற அளவு கிடைக்கும் வரை இரண்டு மூன்று வாங்கிப் பாருங்கள், விலை குறைவுதான்.

இவருக்குப் பிறகு யாரைக் கேட்கலாம்?

ஜெர்ரி ரீட். அட்கின்ஸ் தன்னைவிடச் சிறந்தவர் என்று மதித்த நண்பர். லென்னி ப்ரோ, அட்கின்ஸிடமிருந்து தொடங்கி ஜாஸுக்குள் வெகுதூரம் போனவர். அவருடைய முதல் ஆர்சிஏ ஆல்பம் 1968-ல் வந்ததும் அட்கின்ஸால்தான். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது கிரெட்ஷ் கன்ட்ரி ஜென்டில்மேன். பீட்டில்ஸ் பாட்டுகளை அட்கின்ஸ் 1966-ல் ஆல்பமாக வாசித்தபோது அதற்கு உறைக் குறிப்பு எழுதியவரும் ஹாரிசனே. ராக் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்லரோடு 1990-ல் வந்த ‘நெக் அண்ட் நெக்’ இரண்டு நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும்.

இன்று மேடையில் பார்க்கக் கிடைக்கிறவர் ஆஸ்திரேலியாவின் டாமி எமானுவல். சிறுவனாக வானொலியில் அட்கின்ஸைக் கேட்டவர், கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1997-ல் இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அட்கின்ஸ் தாமாக உருவாக்கி மிகச் சிலருக்கே கொடுத்த ‘சான்றளிக்கப்பட்ட கிட்டார் கலைஞர்’ என்ற பட்டத்தை 1999-ல் எமானுவலுக்கும் கொடுத்தார். ஜெர்ரி ரீட், ஸ்டீவ் வாரினர், ஜான் நோல்ஸ் ஆகியோரும் அதைப் பெற்றவர்கள்.

அட்கின்ஸ் 2001 ஜூன் 30-ல் நாஷ்வில்லில் காலமானார். வயது 77.

இந்த ஆல்பத்தைக் கேட்டாகிவிட்டது. அவருடைய வேறு எதைக் கேட்பது?

இதற்கு முந்தைய ஆண்டு, 1956-ல் வந்த ‘ஃபிங்கர்-ஸ்டைல் கிட்டார்’. இதே நோக்கில் வாசித்தது, இன்னும் கொஞ்சம் எளிமையானது. பிறகு லெஸ் பாலோடு 1976-ல் வந்த ‘செஸ்டர் அண்ட் லெஸ்டர்’. வயதான இரண்டு கலைஞர்கள் பேச்சும் சிரிப்புமாக வாசித்தது, கிராமி விருது பெற்றது. மெர்ல் ட்ராவிஸோடு 1974-ல் வந்த ‘அட்கின்ஸ்–ட்ராவிஸ் ட்ராவலிங் ஷோ’வும் கிராமி பெற்ற ஆல்பம்தான். வானொலியில் கேட்டு, விரல் எண்ணிக்கையைத் தப்பாக ஊகித்த பையனும், அந்த ஊகத்துக்குக் காரணமானவரும் அதில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள். இரண்டு விரல் எது, மூன்று நான்கு விரல் எது என்று சிறிது நேரத்தில் காதுக்கே பிடிபட்டுவிடும்.